ஒரு பக்க இளைப்பு: கார்சினாய்டு என்னும் அரிய நுரையீரல் கட்டியை எப்படிக் கண்டறிகிறார்கள்?

மாம்பூ பூக்கும் தை, மாசி மாதங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் பக்கம் யாருக்கு இளைப்பு வந்தாலும் பழி பூவின் மேல்தான் விழும். என் அக்கா மகளுக்கு இளைப்பு தொடங்கியபோதும் அப்படித்தான் நினைத்தோம். அவளுக்கு அப்போது 27 வயது. வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. புகைப்பழக்கம் கிடையாது. குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை. பூ உதிர்ந்தது, பிஞ்சு பிடித்தது, பெங்களூரா மாங்காய் லாரி ஏறிக் கூழ்த் தொழிற்சாலைக்குப் போயிற்று. இளைப்பு மட்டும் போகவில்லை. இன்ஹேலர் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை நிமோனியா வந்தது. மருந்து சாப்பிட்டால் தணியும். சில மாதங்களில் திரும்பும். ஒருநாள் காலை இருமியபோது சளியோடு ரத்தம் வந்தது.

சளியில் ரத்தம் என்றால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் சொல் டிபி. சளியைச் சோதித்தார்கள், காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் ஓர் இடத்தில் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டாள், பலன் இல்லை. அதன் பிறகு தருமபுரியில் நாங்கள் பார்த்த நெஞ்சக மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, இடப்பக்கம், வலப்பக்கம் என மாற்றி மாற்றி நெடுநேரம் கேட்டார். பிறகு, "இளைப்புச் சத்தம் வலப்பக்கம் மட்டும்தான் கேட்கிறது. இதை இதற்கு முன் யாராவது சொன்னார்களா அம்மா?" என்றார். யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின் இரண்டு மாதத்துக்குள் நோயின் பெயர் தெரிந்தது: கார்சினாய்டு. முப்பத்தோர் ஆண்டுகள் அரசுப் பள்ளியில் உயிரியல் கற்பித்த நான் அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் அவளோடு போனேன், புரியாததை மருத்துவர்களிடம் கேட்டேன், தேடிப் படித்தேன். இதைப் போன்ற இளைப்போடு இந்த மாவட்டத்தில் இன்னொரு வீட்டில் யாராவது இருக்கக்கூடும் என்பதால் அதை எளிமையாக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் "புற்றுநோய்தானா?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "எந்தப் புற்றுநோய்?" என்பது. சிகிச்சையும் ஆயுளும் அந்த இரண்டாவது கேள்வியின் விடையில்தான் இருக்கின்றன.

கட்டி எங்கே பிறக்கிறது

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. வல நுரையீரலில் மூன்று மடல்கள், இட நுரையீரலில் இரண்டு. ஒவ்வொரு மடலுக்கும் ஒரு கிளைக்குழாய்; அதிலிருந்து மேலும் மேலும் சிறு கிளைகள். குழாய்களின் உட்சுவரில் ஆங்காங்கே ஒருவகைச் சிறப்புச் செல்கள் உண்டு. நரம்புச் செல்லின் குணமும் ஹார்மோன் சுரக்கும் செல்லின் குணமும் சேர்ந்திருப்பதால் அவற்றை நியூரோஎண்டோகிரைன் செல்கள் என்கிறார்கள். கார்சினாய்டு இந்த வகைச் செல்களிலிருந்து வரும் கட்டி. நுரையீரல் கட்டிகள் நூறு என்றால் அதில் ஒன்று அல்லது இரண்டுதான் கார்சினாய்டாக இருக்கும். பெரும்பாலானவை உள்பக்கத்துப் பெரிய குழாய்களில் வளர்கின்றன. சாதாரண நுரையீரல் புற்றுநோய் போல முதுமையில்தான் வரும் என்பதில்லை. இளைஞர்களுக்கும் வருகிறது, குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் நுரையீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இதன் சாதுவான வகைக்கும் பீடி, சிகரெட்டுக்கும் வலுவான தொடர்பு இல்லை.

பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. மியூனிக் நகரத்து நோய்க்குறியியலாளர் சீக்ஃபிரீட் ஓபெர்ன்டார்ஃபர் 1907-இல் சிறுகுடலில் கண்ட இத்தகைய கட்டிகளுக்குப் 'புற்றைப் போன்றது' என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். அவை தீங்கற்றவை என்று அப்போது கருதினார். 1929-இல் தன் கருத்தைத் தானே திருத்திக்கொண்டு, இவையும் பரவக்கூடும் என்று எழுதினார். நுரையீரல் கார்சினாய்டையும் வெகுகாலம் தீங்கில்லாத கட்டிகளோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது புற்றுக்கட்டிதான். மெதுவாக வளரும், பெரும்பாலும் அறுவையால் குணமாகும் என்றாலும் புற்றுக்கட்டிதான்.

இனி அந்த ஒரு பக்கச் சத்தம். மாந்தோப்பில் சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மோட்டாரில் அழுத்தம் குறைந்தால் தோப்பு முழுவதும் தண்ணீர் குறையும். ஒரு கிளைக்குழாயில் மட்டும் மண் அடைத்தால் அந்த வரிசை மரங்கள் மட்டும் வாடும். ஆஸ்துமா முதல் வகை: இரண்டு நுரையீரல்களிலும் ஏராளமான சிறு குழாய்கள் ஒருசேரச் சுருங்குகின்றன, அதனால் சத்தம் இரு பக்கமும் கேட்கும், இன்ஹேலர் போட்டால் குறையும். குழாய்க்குள் கட்டி இருந்தால் அது இரண்டாம் வகை: சத்தம் ஓரிடத்தில் மட்டும் கேட்கும், இன்ஹேலருக்கு அது இளகாது. அடைப்புக்குப் பின்னால் சளி வெளியேற வழியின்றித் தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி சேரும். அதனால்தான் நிமோனியா திரும்பத் திரும்ப அதே மடலில் வருகிறது. கட்டியில் ரத்தக்குழாய்கள் மிகுதி. இருமும்போது ரத்தம் வருவதற்கு அதுவே காரணம்.

இதைப் படித்துவிட்டு இளைப்புள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. நூறு பேருக்கு இளைப்பு வந்தால் ஏறத்தாழ அத்தனையும் ஆஸ்துமா, சளி, புகை சார்ந்த தொல்லைகளாகவே இருக்கும். சளியில் ரத்தம் வந்தால் காசநோயை முதலில் சோதிப்பதும் மிகச் சரியான செயல். சந்தேகம் எழ வேண்டிய இடம் வேறு: ஒரே பக்கச் சத்தம், ஒரே இடத்தில் இரண்டாவது முறை நிமோனியா, மாதக்கணக்கில் இன்ஹேலர் எடுத்தும் மாற்றமின்மை, காசநோய் இல்லை என்று சோதனை சொன்ன பின்னும் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போயாக வேண்டும்.

காரணம் எளிதாகக் கிடைத்துவிடும் இடங்களில் இது இன்னும் முக்கியம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரிகள் அதிகம். அங்கே வேலை செய்பவர் இருமினால் தூசு என்று ஊரே சொல்லிவிடும். கல் தூசிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் நோயைத் தரும். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. ஆனால் தூசில் வேலை செய்தவருக்குத் தூசோடு தொடர்பில்லாத கட்டியும் வரலாம். தெரிந்த காரணம் ஒன்று கையில் இருப்பதால் தேடலை நிறுத்திவிடக் கூடாது. எங்கள் வீட்டில் மாம்பூவை நம்பி ஒரு முழு ஆண்டை இழந்தோம்.

நிழற்படத்திலிருந்து குழாயின் உள்ளே

எக்ஸ்ரே ஒரு நிழல். இதயம், பெரிய ரத்தக்குழாய்கள், விலா எலும்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல். நடுப்பகுதியில் உள்ள இரண்டு சென்டிமீட்டர் கட்டி அதற்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும். அக்கா மகளின் முதல் இரண்டு எக்ஸ்ரேக்களிலும் 'கட்டி இல்லை' என்றுதான் இருந்தது. அந்த மருத்துவர் செய்தது, நிமோனியா வந்த மூன்று முறையும் எடுத்த படங்களை வரிசையாக வெளிச்சப் பலகையில் மாட்டியது. மூன்றிலும் வெள்ளைத் திட்டு வல நுரையீரலின் கீழ் மடலில் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது மூன்று நிமோனியா; சேர்த்துப் பார்த்தபோது ஓர் அடைப்பு. அந்தப் படங்களை அக்கா பிளாஸ்டிக் உறையோடு எடுத்து வைத்திருந்தார். பழைய படம்தானே என்று எறிந்திருந்தால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது.

அடுத்தது சி.டி. ஸ்கேன். உடலைக் குறுக்காக மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்ப்பது போன்ற படம். ரத்தக்குழாய்களை எடுத்துக்காட்டும் மருந்தைக் கையில் ஏற்றி எடுத்தால் கார்சினாய்டு பளிச்சென்று தெரிவதுண்டு. அந்த மருந்துக்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சி.டி. சொல்லும் செய்திகள்: கட்டி எந்தக் குழாயில், எவ்வளவு பெரிது, நிணநீர் முடிச்சுகள் வீங்கியுள்ளனவா. குழாய்க்குள் தெரியும் பகுதி சிறிதாகவும் சுவருக்கு வெளியே நுரையீரலுக்குள் புதைந்த பகுதி பெரிதாகவும் இருக்கலாம், அதையும் சி.டி.தான் காட்டும். அது சொல்லாத செய்தி ஒன்று உண்டு: இது என்ன கட்டி என்பது. படத்தைப் பார்த்துச் சந்தேகிக்கலாம், பெயர் வைக்க முடியாது.

பெயர் வைப்பதற்குச் சதை வேண்டும். அதற்கான வழி, மூச்சுக்குழாய்க்குள் ஒரு கருவிக் குழாயை விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி. 1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் குஸ்தாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பை விறைப்பான குழாய் ஒன்றின் வழியாக எடுத்தார். அதுதான் இதன் தொடக்கம். வளையும் மெல்லிய குழாயை ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா 1966-இல் அறிமுகப்படுத்தினார். இன்று பெரும்பாலும் செய்வது இந்த வளையும் வகை. வெறும் வயிற்றில் போக வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் மரத்துப்போகும் மருந்து தெளிப்பார்கள், தூக்க மருந்தும் கொடுப்பதுண்டு. இருமல் வரும், மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் வரும். உண்மையில் காற்று போக இடம் இருக்கும். அக்கா மகள் வெளியே வந்ததும், "மாமா, பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் இன்னொரு முறை என்றால் தூங்க வைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்" என்றாள்.

திரையில் நானும் பார்த்தேன். வலக் கீழ்மடலின் குழாய் வாயில், நெல்லிக்காய் அளவில், சிவந்த வழுவழுப்பான உருண்டை. அதன் மேல் மெல்லிய தோல் கிழியாமல் மூடியிருந்தது. அந்தத் தோலில் ஒரு பாடம் இருக்கிறது. கட்டியின் மேல் தோல் மூடியிருப்பதால் அதன் செல்கள் சளியில் உதிர்வதில்லை. ஆகவே சளியில் புற்றுச்செல் இல்லை என்று முடிவு வந்தால், கார்சினாய்டு இல்லை என்று பொருளாகாது. தூரிகையால் தேய்த்து எடுப்பதிலும் இதே சிக்கல். துணுக்காகக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும்.

கிள்ளினால் ரத்தம் கொட்டும் என்ற அச்சம் மருத்துவர்களுக்கே முன்பு அதிகம் இருந்தது. ரத்தம் கசிவது உண்மை. ஆபத்தான அளவுக்குப் போவது அரிது. அப்படிப் போனாலும் சமாளிக்க ஏற்பாடுள்ள இடத்தில்தான் செய்கிறார்கள். சில நேரம் முழு மயக்கம் கொடுத்து, விறைப்பான குழாயின் வழியாகச் செய்வதும் அதற்காகவே. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் அதை மறைக்கவே கூடாது. நுரையீரலின் ஓரத்தில் கட்டி இருந்தால் குழாய் வழியாக எட்டாது, அப்போது சி.டி. படத்தின் வழிகாட்டலில் வெளியிலிருந்து ஊசி செலுத்தி எடுப்பார்கள்.

இன்னொரு அச்சம் நம்முடையது. "கத்தி பட்டால் பரவிவிடும்." அக்கா வீட்டில் இதைச் சொல்லாத உறவினர் இல்லை. சதை எடுக்கக் கூடாது, ஏதாவது மூலிகை கொடுக்கலாம் என்று ஒரு பெரியவர் கண்ணீரோடு சொன்னார். அவருடைய தம்பி, பயாப்சி எனப்படும் இந்தச் சதைச் சோதனை செய்த சில மாதங்களில் இறந்திருந்தார். அவர் வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் நோய் ஏற்கெனவே பரவிய நிலையில் தாமதமாகப் போனவர்களுக்குத்தான் அப்படி நேர்கிறது. கடைசியாக நடந்தது பயாப்சி என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. குழாய்க்குள் இருந்து கிள்ளும் துணுக்கால் இந்தக் கட்டி பரவுவதில்லை. அந்தத் துணுக்கு இல்லாமல் எந்த மருத்துவராலும் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியாது.

ஸ்லைடும் வெங்காய வேரும்

எடுத்த துணுக்கை ஃபார்மலினில் போட்டு, பிறகு பாரஃபின் மெழுகில் பதித்துச் சிறு கட்டியாக்குவார்கள். அதற்குப் பிளாக் என்று பெயர். அதிலிருந்து தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களை எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுவார்கள். நோய்க்குறியியல் மருத்துவர் அதை நுண்ணோக்கியில் பார்க்கிறார். நாம் அவரைச் சந்திப்பதே இல்லை. நோயின் பெயரை எழுதுவது அவர்தான்.

எங்களுக்கு வந்த முதல் அறிக்கை, ஸ்மால் செல் வகையாக இருக்கலாம், மேற்கொண்டு சோதனை தேவை என்றது. ஸ்மால் செல் என்பது வேகமாகப் பரவும் கொடிய நுரையீரல் புற்றுநோய். 'இருக்கலாம்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை. அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை.

அந்தக் குழப்பம் ஏன் வந்தது என்பதைப் பிறகு விளக்கினார்கள். ஸ்மால் செல்லும் கார்சினாய்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் நால்வர்: டிப்பிக்கல் கார்சினாய்டு, அடிப்பிக்கல் கார்சினாய்டு, லார்ஜ் செல் வகை, ஸ்மால் செல் வகை. முதலாவது சாது, இரண்டாவது சற்று முரடு, மற்ற இரண்டும் மிகக் கொடியவை. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் போன்ற புரதங்களைப் பழுப்பு நிறத்தில் காட்டும் சிறப்புச் சாயச் சோதனை, கட்டி இந்தக் குடும்பம் என்று உறுதி செய்யும். நால்வரில் யார் என்று அது பிரித்துச் சொல்லாது. கார்சினாய்டின் செல்கள் ஒழுங்காக, கூட்டம் கூட்டமாக இருக்கும். உட்கருவில் உப்பும் மிளகும் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். ஆனால் இடுக்கியால் கிள்ளும்போது துணுக்கு நசுங்கிவிட்டால் அந்த ஒழுங்கு கலைந்து, சிறிய கறுத்த செல்கள் குவிந்து கிடப்பதுபோல் தெரியும். பார்ப்பதற்கு ஸ்மால் செல் போலவே இருக்கும்.

அங்கே உதவுவது கே.ஐ.-67 என்ற சாயம். பிரிந்து பெருகும் வேலையில் இருக்கும் செல்களை மட்டும் அது நிறமூட்டிக் காட்டும். ஸ்மால் செல் என்றால் பாதிக்கு மேற்பட்ட செல்கள், பெரும்பாலும் அதைவிட மிக அதிகமாக, நிறம் ஏறி நிற்கும். டிப்பிக்கல் கார்சினாய்டில் நூற்றில் ஒரு சில செல்கள் மட்டுமே. பிளாக்கை வேறொரு பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று மறுபடி பார்க்கச் சொன்னோம். கே.ஐ.-67 இரண்டு சதவீதம் என்று வந்தது. ஸ்மால் செல் இல்லை, கார்சினாய்டு.

இரண்டையும் மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்மால் செல்லுக்குப் பெரும்பாலும் கீமோதெரபியும் கதிர்வீச்சும். கார்சினாய்டுக்கு முதன்மைச் சிகிச்சை அறுவை. அறுவையால் குணமாகக்கூடிய ஓர் இளம்பெண்ணுக்குக் கீமோதெரபி தொடங்கியிருக்கும். 'எந்தப் புற்றுநோய்?' என்ற கேள்வியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அந்த இரண்டு அறிக்கைகள்தான் காரணம். அறிக்கையும் நோயாளியும் பொருந்தவில்லை என்றால், அதாவது புகைக்காத, 29 வயதான, இரண்டு ஆண்டுகளாக மெல்ல நகரும் நோயுள்ள ஒருத்திக்கு மாதக்கணக்கில் கொல்லும் நோய் என்று எழுதி வந்தால், ஸ்லைடை மீண்டும் பார்க்கச் சொல்வதற்குத் தயங்கக் கூடாது. நல்ல மருத்துவர்கள் இதை அவமதிப்பாக நினைப்பதில்லை. எங்களுக்கு அதைப் பரிந்துரைத்தவரே ஒரு மருத்துவர்தான்.

டிப்பிக்கலா அடிப்பிக்கலா என்று பிரிக்கும் முறை என்னைப் பள்ளி ஆய்வகத்துக்குத் திரும்ப அழைத்துச் சென்றது. மாணவர்களுக்கு வெங்காய வேர்நுனியை நசுக்கி, சாயமேற்றி, செல் பிரிதலை ஆண்டுதோறும் காட்டியிருக்கிறேன். குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்து நிற்கும், பிறகு இரு துருவங்களுக்கு இழுபடும். நோய்க்குறியியல் மருத்துவர் கட்டியில் எண்ணுவதும் அதே காட்சியைத்தான். இரண்டு சதுர மில்லிமீட்டர் பரப்பில், ஏறத்தாழ ஒரு கடுகின் பரப்பில், இப்படிப் பிரியும் செல்கள் எத்தனை? இரண்டுக்குக் குறைவு, செல்கள் செத்துப்போன திட்டுகளும் இல்லை என்றால் டிப்பிக்கல். இரண்டிலிருந்து பத்து வரை, அல்லது செத்த திட்டு இருந்தால் அடிப்பிக்கல். பத்தைத் தாண்டினால் கொடிய இருவரில் ஒருவர். ஒரு கடுகளவு இடத்தில் ஒருவர் பொறுமையாக எண்ணிய எண்ணிக்கையில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது. செல் பிரிதலை மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லிக்கொடுத்த ஆண்டுகளை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது.

கிள்ளிய சிறு துணுக்கில் இந்த எண்ணிக்கையை நம்பகமாகச் செய்ய முடியாது. ஆகவே பயாப்சி அறிக்கையில் வெறுமனே 'கார்சினாய்டு' என்று எழுதி, வகையைக் குறிக்காமல் விடுவதுதான் முறை. கட்டி முழுவதையும் எடுத்த பிறகே இறுதி வகை தெரியும். வகை ஏன் எழுதவில்லை என்று நாங்கள் கோபப்பட்டோம்; உண்மையில் அது நேர்மையான அறிக்கை.

பரவியிருக்கிறதா?

பெட் ஸ்கேன் என்ற சொல்லை இப்போது எல்லோரும் அறிவார்கள். சாதாரண பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு பொருளை ஏற்றுவார்கள். பசியோடு வளரும் கட்டிகள் அதை இழுத்துக்கொண்டு ஒளிரும். கார்சினாய்டு மெதுவாக வளர்வதால் அதில் மங்கலாகவே தெரியலாம். அதே சமயம் காசநோய் பாதித்த பகுதி நன்றாக ஒளிரும். மங்கலாக இருப்பது நல்லது, பிரகாசமாக இருப்பது கெட்டது என்று நாமாகப் படிக்கப் போனால் இரண்டு பக்கமும் தவறிவிடுவோம். கார்சினாய்டு செல்களின் மேல் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகள் மிகுதி என்பதால், அவற்றைத் தேடிப் போய் ஒட்டும் டோட்டாடேட் போன்ற பொருளோடு கேலியம்-68 சேர்த்து எடுக்கும் தனி வகைப் பெட் ஸ்கேன் இதற்குப் பொருத்தமானது. கேலியம்-68 ஏறத்தாழ 68 நிமிடங்களில் பாதியாகக் கரைந்துவிடும். ஆகவே அதைத் தயாரிக்கும் வசதியுள்ள பெருநகர மையங்களில்தான் எடுக்க முடியும்.

கார்சினாய்டு என்றாலே முகம் சிவத்தல், வயிற்றுப்போக்கு என்று இணையத்தில் வரும். அது பெரும்பாலும் குடலில் தோன்றி ஈரலுக்குப் பரவிய கட்டிகளின் அடையாளம். நுரையீரல் கார்சினாய்டில் அரிது. மிகச் சிலருக்குக் கட்டி சுரக்கும் ஹார்மோனால் முகம் உப்பி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுவதுண்டு. குரோமோகிரானின்-ஏ என்ற ரத்தச் சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும்: வயிற்று எரிச்சலுக்கு நம் ஊரில் எல்லோரும் விழுங்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் மாத்திரைகளே அதன் அளவை உயர்த்திவிடும். கட்டி சுரக்கும் ஹார்மோனின் கழிவைத் தேடி 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் செய்யும் சோதனைக்கு முன் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி தவிர்க்கச் சொல்வார்கள். என்ன சாப்பிடுகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது, எதை எடுத்துச் செல்வது

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022-இல் தொடங்கப்பட்டது. சந்தேகத்தை எழுப்பி முதல் சோதனைகளைத் தொடங்க வெளியூர் போக வேண்டியதில்லை. அதற்கு மேல், தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம், ஓசூர் தாண்டினால் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் நிறுவனம், கிழக்கே வேலூர் சி.எம்.சி., சென்னையில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் எனப் பல திசைகள் உண்டு. அரிய கட்டி என்பதால், நெஞ்சக மருத்துவர், அறுவை மருத்துவர், நோய்க்குறியியலாளர், கதிர்ப்பட மருத்துவர் ஆகியோர் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடமாகப் பார்ப்பது நல்லது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை வாங்காதவர்கள் நோய் வரும் வரை காத்திருக்காமல் வாங்கி வைக்க வேண்டும். நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே வருகிறது. நுரையீரல் கட்டி அப்படி வாசலில் அகப்படாது. தீராத இருமலோடு இருப்பவர்தான் கிளம்பிப் போக வேண்டும்.

போகும்போது அறிக்கைத் தாள்கள் மட்டும் போதா. சி.டி.யின் குறுந்தகடு அல்லது அதன் மூலக் கோப்பு, பழைய எக்ஸ்ரேக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்லைடுகளும் பிளாக்கும். பெரிய மருத்துவமனைகள் முதலில் கேட்பது பிளாக்கைத்தான். சோதனை செய்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகும். நாங்கள் ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துப் போனோம்.

அக்கா மகளுக்கு வல நுரையீரலின் கீழ் மடலை அகற்றினார்கள். கட்டி இருக்கும் இடம் இடங்கொடுத்தால், குழாயின் அந்தத் துண்டை மட்டும் வெட்டி இரு முனைகளையும் இணைத்து, மடலைக் காப்பாற்றும் அறுவையும் உண்டு. அவளுக்கு அடைப்புக்குப் பின்னால் இருந்த பகுதி பலமுறை சீழ்பிடித்துக் கெட்டிருந்ததால் அது முடியவில்லை. இரண்டு ஆண்டு முன்பே தெரிந்திருந்தால் மடல் மிஞ்சியிருக்கலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னார். சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துச் சோதித்தார்கள். சாது வகையிலும் சிலருக்கு அங்கே பரவியிருக்கும் என்பதால் இது அவசியம். அவளுக்குப் பரவவில்லை. இறுதி அறிக்கை: டிப்பிக்கல் கார்சினாய்டு, இரண்டு சதுர மில்லிமீட்டரில் பிரியும் செல் ஒன்று, செத்த திட்டு இல்லை. இந்த வகையில் நூற்றில் ஏறத்தாழ 90 பேர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். கீமோதெரபி தேவைப்படவில்லை.

ஆனால் இந்தக் கட்டி பல ஆண்டுகள் கழித்தும் திரும்பலாம். மற்றப் புற்றுநோய்களில் ஐந்தாண்டு தாண்டினால் மூச்சு விடுவது போல இதில் விட முடியாது. பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். அவளுடைய பிளாக் அக்கா வீட்டு பீரோவில், நிலப் பத்திரங்களுக்குப் பக்கத்தில், அதே எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. டப்பாவின் மூடியில் அடுத்த சி.டி.க்கான மாதத்தை அவளே ஒட்டி வைத்திருக்கிறாள்: ஆவணி.